வளைவுக் கணக்கு

வாடகை வீட்டின் சாவி
குளிர்பெட்டி மேல், ஒரு பூண்டுத் தலைக்குப் பக்கத்தில்.
அதன்கீழ் ஜோசியான் மூட்டூசாமி எழுதிவைத்த தாள்:
குப்பை வண்டி செவ்வாய். வெந்நீர் பத்து நிமிடம்.
மலையைப் பார்ப்பதானால் பத்து மணிக்குள் பாருங்கள்,
பிறகு மேகம் கடையைச் சாத்திவிடும்.

சிலாவோஸிலிருந்து எங்கே கிளம்பினாலும்
முதலில் நானூறு வளைவுகள் இறங்க வேண்டும்.
எங்கே போய்வந்தாலும்
கடைசியில் அதே நானூறு.
நடுவில் மிஞ்சுவதுதான் ஊர் சுற்றிப் பார்ப்பது.

பின்னிருக்கையில் லூர்து எண்ணிக்கொண்டே வருகிறான்.
திங்கள்: முன்னூற்று எண்பத்தேழு.
"பாக்கி பதின்மூன்று எங்கடா?"
தூங்கிவிட்டதைச் சொல்ல வெட்கப்பட்டு
"சுரங்கத்துக்குள்ளே இருந்திச்சு. இருட்டு" என்றான்.

சுரங்கம் ஒற்றை வண்டி அகலம்.
ஹாரன் அடித்துவிட்டு
எதிர்ப்பக்கம் பதில் வருகிறதா என்று காது கொடுத்து நிற்கிறோம்.
பதினொரு வருடக் கல்யாணத்தில்
நானும் சவரிராயனும் இத்தனை மரியாதையாய்
ஒரு பதிலுக்குக் காத்திருந்ததில்லை.

நாத்தனார் அமலோற்பவத்துக்கு வளைவுக்கு வளைவு வேலை.
சிவப்பு பெயின்ட் அடித்த குட்டிக் கூண்டுகள்,
உள்ளே ரோமச் சிப்பாய் உடுப்பில் ஒரு புனிதர், எக்ஸ்பெதி.
அவசர விண்ணப்பங்களைக் கவனிப்பவராம்.
புதுச்சேரியில் எந்தப் பங்கிலும் பார்த்ததில்லையே என்ற
சந்தேகத்தோடேயே சிலுவை போடுகிறாள்.
என்ன வேண்டிக்கொண்டீர்கள் என்றால்
"இவன் மூணாவது கியரை மறக்கணும்."

செவ்வாய், எரிமலை. குப்பையை மறந்தோம்.
விளிம்பில் கம்பி வேலி,
அதற்கப்பால் எரிமலை இருக்க வேண்டிய இடத்தில் பால்.
ஒரு பெல்ஜியக் குடும்பம் பாலைப் படமெடுத்தது.
நாங்களும் எடுத்தோம்.

புதன், கடற்கரை.
லூர்து கட்டிய கறுப்பு மணல் கோட்டை
அணைத்துவிட்ட அடுப்பு மாதிரி இருந்தது.

வியாழன், சேன்ட் ரோஸ்.
நெருப்புக் குழம்பு கோவில் வாசல்வரை வந்து
இரண்டாய்ப் பிரிந்து, சுற்றிக்கொண்டு போன இடம்.
"ஆண்டவரே" என்றாள் அமலோற்பவம்.
"சரிவு" என்றார் சவரிராயன், சுவரைத் தட்டி.
பக்கத்து வீட்டுக்காரர்கள் என்ன ஆனார்கள் என்று நான் கேட்டேன்.
மெழுகுவர்த்தி விற்றவள் எழுந்திருக்கவில்லை.
"வீடு போச்சு. கோழிகளை முன்னாடியே கொண்டுபோயிட்டாங்க."

அங்கிருந்து அக்காளும் தம்பியும் பேச்சை நிறுத்தினார்கள்.
அடிவாரம் வரை பேசவில்லை.
இருட்டில், சாலை தன் முதுகின்மேல் தானே ஏறிக் கடக்கும் பாலத்தில்
லூர்து வாந்தியெடுத்தான்.
தண்ணி எங்கே, துணி எங்கே, அந்தப் பையைக் கொடு, இது இல்லை, அது.
எல்லோரும் பேசிவிட்டார்கள்.

பிறகு சுவர் ஓரமாக நின்றோம்.
கீழே ஒரே ஒரு வண்டியின் வெளிச்சம்
மறைந்து, வேறிடத்தில் முளைத்து, மறுபடி மறைந்து
ஏறி வந்துகொண்டிருந்தது.
இந்தத் தீவில் நாங்கள் ஒன்றையே
இத்தனை நேரம் பார்த்தது அதுதான்.
வந்து சேர்ந்தபோது அது ஜோசியான்,
பின்னால் இரண்டு கேஸ் சிலிண்டர்.
அரை எலுமிச்சம்பழத்தைப் பையன் மூக்கில் வைத்து அழுத்தினாள்.
எத்தனை வளைவு என்று அவனே கேட்டான்.
எண்ணினதே இல்லையாம். ரொட்டி வாங்கப் போகிற வழி.

சவரிராயனுக்கு அப்போதுதானா தோன்ற வேண்டும்!
உங்கள் பேர் முத்துசாமி, தெரியுமா என்றார்.
"இருக்கலாம்" என்றாள்.
"தபால்காரருக்கு மூட்டூசாமியைத்தான் தெரியும்."

வெள்ளி, எங்கும் போகவில்லை. துணி துவைத்தோம்.
மலை பத்தே முக்கால்வரை இருந்தது;
அமலோற்பவம் போர்வையை அதன்மேல் காயப்போட்டாள்.

சனிக்கிழமை மடியில் இரண்டு கிலோ சிலாவோஸ் பருப்புடன்
விமானத்துக்கு இறங்கினோம்.
லூர்து கண்ணை மூடவே இல்லை.
நானூற்று ஒன்று.
ஒன்று அதிகம் என்றேன்.
"வாசல்ல வண்டியைத் திருப்பினீங்களே,
அதை யாரு எண்ணுவா?"